கணினிக்குள் ஒரு குளம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பயிர்ச்செய்கை பற்றிய முடிவுகளை எடுப்பதற்கு 'டிஜிட்டல் இரட்டை' என்னும் தொழில்நுட்பம் இப்போது பல நாடுகளில் பயன்படத் தொடங்கியிருக்கிறது என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சில ஆர்வத்தோடும் சில சந்தேகத்தோடும் எழுதப்பட்டவை. ஒன்றிரண்டு சற்றுக் கோபத்தோடும் எழுதப்பட்டவை. எனவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: டிஜிட்டல் இரட்டை என்பது என்ன? என் கைத்தொலைபேசியில் மழை வருமா என்று சொல்லும் செயலி இருக்கிறது. பசளை எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லும் செயலியும் இருக்கிறது. இவற்றுக்கும் நீங்கள் எழுதியதற்கும் என்ன வேறுபாடு?
– உருத்திரபுரம்

பதில்: உங்கள் பசளைச் செயலிக்கு உங்கள் வயலைத் தெரியாது. இத்தனை ஏக்கர், இன்ன இரகம், இன்ன மண் என்று நீங்கள் கொடுத்தால், அந்த வகையைச் சேர்ந்த எல்லா வயல்களுக்கும் பொதுவான விடையைத் திருப்பித் தருகிறது. நீங்கள் அந்தப் பசளையைப் போட்டீர்களா, அடுத்த நாள் பெய்த மழையில் அது கழுவுண்டு போனதா, வரம்பு உடைந்து பக்கத்து வயலுக்குப் போனதா என்பதெல்லாம் அதற்குத் தெரிய வழியில்லை. டிஜிட்டல் இரட்டை என்பது ஒரு குறிப்பிட்ட வயலையோ குளத்தையோ ஆற்றுப்படுகையையோ கணக்குகளின் வடிவில் கணினிக்குள் வைத்திருப்பது. அசல் வயலில் இருந்து வரும் அளவீடுகள் அந்தக் கணக்கை இடைவிடாது திருத்திக்கொண்டே இருக்கும். வயலில் நீர் இரண்டு அங்குலம் இறங்கினால் கணினிக்குள் இருக்கும் வயலிலும் இறங்கும். இறங்கவில்லை என்றால், கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளும்.

இந்த எண்ணம் வயலில் பிறந்ததல்ல. 1970 ஏப்ரலில் அப்பலோ 13 விண்கலத்தின் ஒட்சிசன் தாங்கி வெடித்தபோது, தரையில் இருந்த பயிற்சிக் கலங்களை விண்ணில் சேதமடைந்திருந்த கலத்தின் நிலைக்குக் கொண்டுவந்து, எந்தக் கட்டளையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அங்கே செய்துபார்த்த பின்னரே விண்வெளி வீரர்களுக்குச் சொன்னார்கள். கணினிக்குள் இரட்டையை வைக்கும் கருத்தை 2002இல் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் கிரீவ்ஸ் தொழிற்சாலைப் பொருட்களுக்காக முன்வைத்தார். 2010 அளவில் நாசாவின் ஆவணங்களில் இப்பெயர் நிலைபெற்றது. பயிருக்கு அது வந்து சேர்ந்தது அதற்குப் பின்னர்தான். ஆனால் அதன் உள்ளே ஓடும் பயிர் வளர்ச்சிக் கணக்குகள், அதாவது வெப்பநிலை, சூரிய ஒளி, மண்ணீர், தழைச்சத்து ஆகியவற்றிலிருந்து பயிரின் அன்றாட வளர்ச்சியைக் கணிக்கும் மாதிரிகள், பல பத்தாண்டுகள் பழைமையானவை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 'ஒரைசா', அவுஸ்திரேலியாவின் 'ஏப்சிம்', ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2009இல் வெளியிட்ட 'அக்வாகுரொப்' ஆகியவை அவற்றுள் சில.

விற்பனைக்கு வருபவர்கள் இந்தப் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். எண்களைக் கையால் கொடுத்தால் விடை தருவது வெறும் மாதிரி. வயலிலிருந்து அளவீடுகள் தாமாகவே வந்து சேர்ந்தால் அது நிழல். கணிப்பின் விளைவு மீண்டும் வயலுக்குப் போய், மடையைத் திறப்பதாகவோ மூடுவதாகவோ முடிந்தால்தான் அது இரட்டை. துறையில் இப்படித்தான் மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். நம்மிடம் இரட்டை என்று சொல்லிக் காட்டப்படுபவற்றுள் பெரும்பாலானவை முதற்படியைத் தாண்டாதவை என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் குளத்தில் ஒவ்வொரு சிறுபோகக் (வறண்ட காலப் பயிர்ச்செய்கை) கூட்டத்திலும் ஒரே வாக்குவாதம்தான். எத்தனை ஏக்கர் செய்வது என்று அதிகாரிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள், கமக்காரர் அமைப்புகள் ஒரு கணக்குச் சொல்லும். கடைசியில் வாய்க்கால் வால்பகுதிக்காரருக்குக் கதிர் பருவத்தில் தண்ணீர் இல்லை. இந்தத் தொழில்நுட்பம் இதற்கு ஏதாவது செய்யுமா?
– முத்தையன்கட்டு

பதில்: வந்த கடிதங்களுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தனித்தனி வயலுக்கு இரட்டை செய்வதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் வன்னியில் முதலில் இரட்டை வேண்டியது குளத்துக்கு என்பதே என் துணிபு. தனி ஒருவர் தன் வயலில் எடுக்கும் முடிவுகளுள் பலவற்றைக் குளத்துத் தண்ணீர் ஏற்கெனவே எடுத்து முடித்துவிடுகிறது.

ஒரு கற்பனைக் குளத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் குளத்தின் எண்கள் அல்ல. கூட்டம் நடக்கும் நாளில் குளத்தில் 12,000 ஏக்கர் அடி நீர் இருக்கிறது (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி). துருசுக்கு (மதகுக்கு) கீழே நின்றுவிடும் பயன்படாத நீர் 1,500. போகம் முடியும்வரை 110 நாட்களில், சராசரியாக 1,500 ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் வீதம் ஆவியாகிப் போவது ஏறத்தாழ 3,250. கால்நடைக்கும் குளிப்புக்கும் மீனுக்கும் 500ஐ விட்டுவைத்தால், வயலுக்கு என்று எஞ்சுவது 6,750 ஏக்கர் அடி.

இனி வயலின் தேவை. சோளகக் காற்று வீசும் காலத்தில் பயிரும் நீர்ப்பரப்பும் சேர்ந்து நாளுக்கு 6 மில்லிமீற்றர் எடுத்துக்கொள்வதாகவும், நிலத்துக்குள் 2 மில்லிமீற்றர் இறங்குவதாகவும் கொண்டால் 100 நாளுக்கு 800 மில்லிமீற்றர். நிலம் பண்படுத்த 200. இடையில் பெய்யும் மழை 150ஐ ஈடுசெய்தால் மிச்சத் தேவை 850 மில்லிமீற்றர், அதாவது ஏக்கருக்கு 2.8 ஏக்கர் அடி. துருசில் திறக்கும் நீரில் நூற்றுக்கு 35 பங்கு வாய்க்காலிலேயே போய்விடுகிறது என்றால், ஏக்கர் ஒன்றுக்குத் திறந்துவிட வேண்டியது 4.3 ஏக்கர் அடி. ஆகவே சுமார் 1,570 ஏக்கர் செய்யலாம்.

இப்போது ஒரே ஓர் எண்ணை மாற்றுகிறேன். நிலத்துக்குள் இறங்குவது 2 மில்லிமீற்றர் அல்ல, 4 என்று வைப்போம். தேவை 1,050 மில்லிமீற்றராகி, செய்யக்கூடிய பரப்பு 1,270 ஏக்கராகச் சுருங்கிவிடுகிறது. மாறாக, இறக்கத்தை 2 என்றே வைத்துக்கொண்டு வாய்க்கால் இழப்பை 35இலிருந்து 25 ஆக்கினால் பரப்பு 1,810 ஏக்கரைத் தாண்டுகிறது. குளத்து நீர்மட்டத்தை நாம் அங்குலக் கணக்கில் அளக்கிறோம். ஆனால் முடிவை 500 ஏக்கருக்கு மேல் அசைக்கும் இந்த இரண்டு எண்களையும் ஏறத்தாழ யாருமே அளப்பதில்லை. கூட்டத்தில் நடக்கும் வாக்குவாதம் உண்மையில் இந்த இரண்டு எண்களைப் பற்றியதுதான். இரு தரப்பினரும் அவற்றைப் பெயர் சொல்லிப் பேசாததால் அது முடிவதில்லை.

இரட்டையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. துருசில் ஒவ்வொரு நாளும் திறந்த நீர், குளத்தின் மட்டம், வாய்க்கால் தலையிலும் நடுவிலும் வாலிலும் நட்ட அளவுகோல்களின் வாசிப்பு, மழைமானியின் வாசிப்பு ஆகியவை வாரந்தோறும் உள்ளே போகின்றன. கணக்குச் சொன்ன மட்டத்துக்கும் கோல் காட்டிய மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசத்திலிருந்து, இழப்பு 35 அல்ல 41 என்று மூன்றாம் நான்காம் வாரத்தில் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. கதிர் வரும் காலத்தில் எத்தனை அங்குலம் குறையும் என்பது அப்போதே தெரிந்தால், முறைநீரை (முறைவைத்து நீர் விடுவதை) அன்றே தொடங்கலாம். வாலில் வெடிப்பு விழுந்த பிறகு தொடங்க வேண்டியதில்லை.

நான்காம் வாரத்தில் தெரிந்து என்ன பயன், விதைத்தாகிவிட்டதே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அது நியாயமான கேள்வி. முதற் போகத்தில் பயன் அரைவாசிதான். ஆனால் அந்தப் போகத்தில் கற்ற 41 என்ற எண் அடுத்த சிறுபோகக் கூட்டத்தின் மேசைக்கு வருகிறது. அதிகாரிகள் மாறிப் போவார்கள், அமைப்பின் தலைவர்கள் மாறுவார்கள். எண் மாறாமல் இருக்கும். பங்கை எப்படிப் பிரிப்பது, யாருக்கு இம்முறை, யாருக்கு அடுத்த முறை என்பதைக் கணினி தீர்க்காது, தீர்க்கவும் கூடாது. அதைக் கூட்டம்தான் தீர்க்க வேண்டும்.

வெள்ளத்துக்கும் இதே இரட்டைதான். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எந்நேரத்தில் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதுபற்றி எழுந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். கனகராயனாற்றின் மேற்பகுதியில் இன்று பெய்யும் மழை எத்தனை மணித்தியாலத்தில் குளத்துக்கு வரும், அதற்குள் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை முன்கூட்டியே பத்து விதமாக ஓட்டிப் பார்ப்பதற்கு மழைமானிகளும் ஆற்றுமட்ட அளவிகளும் வேண்டும். கணினியின் விலை அவற்றின் முன் ஒரு பொருட்டே அல்ல.

கேள்வி: இரண்டும் வேறுபட்டால் எதை நம்புவது? கணக்கு ஒன்று சொல்கிறது, வயலில் நட்ட கருவி வேறொன்று சொல்கிறது.
– மல்லாவி

பதில்: இரண்டையும் நம்ப வேண்டும், ஆனால் சம அளவில் அல்ல. உங்கள் உழுந்து வயலில் வேர் மட்டத்தில் 40 மில்லிமீற்றர் நீர் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறது, அது 10 கூடலாம் குறையலாம். கருவி 30 என்கிறது, அது 5 கூடலாம் குறையலாம். பிழையளவின் வர்க்கம் கணக்கின் பக்கம் 100, கருவியின் பக்கம் 25. எதன் பிழை பெரிதோ அதற்கு நிறை குறைவு. ஆகவே வித்தியாசமான 10இல் ஐந்தில் நான்கு பங்கு கருவியின் பக்கம் சாய்ந்து, விடை 32 ஆகிறது. அந்த விடையின் பிழையளவு இரண்டையும்விடக் குறைவு, சுமார் 4.5. ருடொல்ப் கால்மான் 1960இல் எழுதிய முறை இது. அப்பலோ கலங்கள் சந்திரனுக்கு வழி கண்டதும் இதைக்கொண்டுதான். எந்த இரட்டையை உங்களுக்குக் காட்டினாலும், 'இது தன் பிழையளவைச் சொல்கிறதா?' என்று முதலில் கேளுங்கள். 32 என்று மட்டும் சொல்லி, கூடுதல் குறைவைச் சொல்லாத திரையைப் பார்த்து மடையைத் திறக்காதீர்கள்.

கேள்வி: மண்ணில் நடும் ஈரமானி இரண்டு வாங்கினேன். எங்கள் முருங்கன் மண்ணில் அவை கண்டபடி காட்டுகின்றன. மழை பெய்த மறுநாளும் காய்ந்துவிட்டது என்கிறது. செய்மதிப் படம் இருந்தால் கருவியே வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– முருங்கன்

பதில்: உங்கள் கருவி பொய் சொல்லவில்லை, காற்றை அளந்திருக்கிறது. மலிவான ஈரமானிகள் மண்ணின் மின்கொள்ளளவை, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறனை, அளந்து அதிலிருந்து ஈரத்தைக் கணிக்கின்றன. அந்தத் திறனைத் தீர்மானிக்கும் மின்காப்பு மாறிலி நீருக்கு 80 அளவில் இருக்கும், காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. முருங்கனின் கரிய களிமண் ஈரத்தில் பொங்கிக் காய்ச்சலில் வெடிக்கும் மண். அந்த வெடிப்பு கருவியின் தகட்டை ஒட்டி விழுந்தால், இடையில் உள்ள காற்றையே அது மண் என்று வாசிக்கும். உவர் ஏறிய மண்ணில் இதற்கு நேர்மாறாக ஈரம் கூடுதலாகத் தெரியும். உங்கள் மண்ணிலேயே கருவியைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கருவி நட்ட இடத்துக்குப் பக்கத்தில் மண் எடுத்து, நிறுத்து, 105 பாகை செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். ஈரம், அரை ஈரம், காய்ச்சல் என்று நான்கைந்து நிலைகளில் இதைச் செய்தால் உங்கள் மண்ணுக்கான திருத்தம் கிடைக்கும். உலர்த்தும் அடுப்பு விவசாய ஆய்வுகூடங்களில் இருக்கும்.

நீர் கட்டி நிற்கும் நெல் வயலில் ஈரமானியே வீண் செலவு. அங்கே வேண்டியது 30 சென்ரிமீற்றர் நீளமான, கீழ்ப்பாதியில் துளையிட்ட ஒரு பிவிசி குழாய். சேற்றில் பதித்து உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், நிலத்துக்குக் கீழே நீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். நீர் மட்டம் நிலத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே போகும்வரை காத்திருந்து பின்னர் நீர் விட்டாலும் விளைச்சல் குறைவதில்லை என்பதும், பூக்கும் காலத்தில் மட்டும் நீர் கட்டி நிற்க வேண்டும் என்பதும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. அந்தக் குழாய்க்குள் நீர்மட்ட உணரி ஒன்றை வைத்தால் இரட்டைக்கு அதுவே போதும். உணரி வாங்கப் பணம் இல்லையென்றால், மூன்று நாளுக்கு ஒருமுறை அளவுகோலை விட்டுப் பார்த்து எண்ணை எழுதினாலும் கணக்கு ஏற்றுக்கொள்ளும்.

செய்மதிகளைப் பற்றி: ஐரோப்பாவின் சென்ரினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 புள்ளிகள். வரம்பில் விழும் புள்ளிகளைக் கழித்துவிட்டால் இன்னும் குறைவு. சிறுபோகத்தில் இது நன்றாக உதவும். காலபோகத்தில், கார்த்திகை மார்கழியில், பயிரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அது முகிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது கைகொடுப்பது முகிலை ஊடுருவும் ராடார் செய்மதியான சென்ரினல்-1. நீர் கட்டிய வயல் ராடார் படத்தில் இருண்டு தெரியும். பயிர் எழ எழ வெளிச்சமாகும். எந்த வாய்க்காலில் எந்த வாரம் நீர் ஏறியது, எத்தனை ஏக்கர் உண்மையில் பயிராயிற்று என்பதைக் கட்டுக்கரைக் குளம் அளவிலான ஒரு திட்டத்துக்கு இப்படிக் கண்டுபிடிக்க முடியும். மண்ணுக்குள் வேர்மட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை எந்தச் செய்மதியும் உங்களுக்குச் சொல்லாது. 'கருவியே வேண்டாம்' என்றவர் அந்தப் பாதியை மறந்துவிட்டார்.

கேள்வி: எங்களுடையது மானாவாரி. என் தகப்பனார் காற்றின் திசையையும் எறும்புப் புற்றையும் பார்த்துப் புழுதி விதைப்புக்கு நாள் குறிப்பார். கணினி அவரைவிடத் திறமாகக் குறிக்கும் என்கிறீர்களா?
– நெடுங்கேணி

பதில்: நாள் குறிப்பதில் அவரை வெல்லும் என்று நான் சொல்லமாட்டேன். அவரால் செய்ய முடியாத ஒன்றை அது செய்யும்: ஒரே மழையாண்டில் எட்டு வெவ்வேறு நாட்களில் விதைத்துப் பார்க்கும்.

மூன்றரை மாத நெல் ஒன்றை ஒக்ரோபர் முதல் வாரத்தில் விதைத்தால் டிசம்பர் நடுவில் பூக்கும். ஜனவரி நடுப்பகுதியில் அறுவடை. நவம்பர் 10இல் விதைத்தால் பூப்பது ஜனவரி கடைசி வாரம். மணி பால்பிடிக்கும்போது வடகீழ்ப் பருவமழை ஓய்ந்துபோயிருக்கும். மிகவும் முந்தி, செப்ரெம்பரில் புழுதியில் போட்டால், ஒரு தனி மழைக்கு முளைத்துவிட்டு அடுத்த மழை வருமுன் கருகலாம். தப்பிப் பிழைத்தால் அறுவடையின்போது மழைக்குள் அகப்படலாம். ஒவ்வொரு நாளிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கணினி செய்வது, கடந்த 30 ஆண்டு மழையை எடுத்து, வாரத்துக்கு ஒன்றாக எட்டு விதைப்பு நாட்களுக்கும் பயிரை வளர்த்துப் பார்ப்பது. 240 போகங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடை 'இன்ன திகதி' என்று வராது. 'இந்த வாரத்தில் விதைத்தால் முப்பதில் இத்தனை ஆண்டு முளை கருகும், இத்தனை ஆண்டு பால்பிடிக்கும்போது நீர் போதாது' என்றுதான் வரும். எந்த ஆபத்தை உங்களால் தாங்க முடியும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். விதைநெல் இன்னொரு முறைக்குக் கையில் இருப்பவர் முந்தி விதைக்கலாம். கடனுக்கு விதைநெல் எடுத்தவருக்கு அதே நாள் பொருந்தாது.

விதைத்த பின்னர் இரட்டை தொடங்குகிறது. பெய்த மழை பெய்தபடி உள்ளே போகிறது. வரவேண்டிய மழைக்கு மட்டும் அந்த முப்பது பழைய ஆண்டுகளும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பும் நிற்கின்றன. வாரங்கள் போகப்போக அந்த முப்பது ஆண்டுகளும் தரும் முப்பது கணிப்புக் கோடுகளும் ஒன்றையொன்று நெருங்கிவரும்.

இதில் வன்னிக்கு மட்டும் உரிய ஓர் இடர் உண்டு. போர்க்காலத்தில் எங்கள் மழைப் பதிவுகளில் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுந்துவிட்டது. சில மழைமானிகளைக் கவனிக்க ஆளே இருக்கவில்லை. அந்த இடைவெளியைச் செய்மதி வெப்பப் படங்களையும் கிடைத்த நிலையங்களையும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட 'சேர்ப்ஸ்' என்னும் மழைத் தரவால் நிரப்பலாம். 1981இலிருந்து, சுமார் 5 கிலோமீற்றர் சதுரங்களில் கிடைக்கிறது. ஆனால் நெடுங்கேணியில் பெய்து புளியங்குளத்தில் பெய்யாத மழையை அந்தச் சதுரம் எப்போதும் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்த ஆண்டு மழை பிந்தியது, எந்த ஆண்டு தையிலும் பெய்தது என்பதெல்லாம் உங்கள் தகப்பனாருக்கு நினைவிருக்கும். ஓர் இரவு அவருக்குப் பக்கத்தில் இருந்து எழுதி எடுங்கள். சதுரத்தின் கணக்கைச் சரிபார்க்க அது உண்மையிலேயே உதவும்.

கேள்வி: நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்திப் பூச்சி எப்போது வரும் என்று சொல்லுமா?
– கண்டாவளை

பதில்: நம்பத்தகுந்த விதத்தில் இல்லை. பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது, எங்கே யூரியா மிஞ்சி அடர்ந்து வளர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும்; அங்கே போய்ப் பயிரை விலக்கி அடித்தண்டைப் பார்ப்பது உங்கள் வேலை. தத்தி வரும் நாளை இரட்டை சொல்லும் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்தார் வந்து எங்கள் வயல்களின் எல்லையை ஜிபிஎஸ் கருவியில் எடுத்தார்கள். ஐந்து போகத்து விளைச்சல் கணக்கையும் கேட்கிறார்கள். இலவசமாக இரட்டை செய்து தருவார்களாம். கொடுக்கலாமா?
– பூநகரி

பதில்: அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாததால் அவர்களைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் இலவசம் என்ற சொல்லை நான் இங்கே ஏற்கமாட்டேன். உங்கள் ஐந்து போகத்து விளைச்சலும் எல்லையும் ஒருவர் கையில் இருந்தால், அறுவடைக்கு ஒரு மாதம் முந்தி அந்தப் பகுதியில் எவ்வளவு நெல் வரும் என்பது அவருக்குத் தெரியும். அது நெல் வாங்குபவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் விலையுள்ள செய்தி. அரசு உத்தரவுப் பத்திரத்தில் கொடுத்த காணிகளிலும், எல்லை இன்னும் தீராத காணிகளிலும், ஒரு கருவி வரைந்த கோடு நாளைக்கு ஆவணமாக நீட்டப்படக்கூடும் என்பதையும் வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தரவு எங்கே வைக்கப்படும், யாருக்குக் கொடுக்கப்படும், நீங்கள் விலகினால் அழிக்கப்படுமா என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆளை அடையாளம் காட்டும் தகவல்களுக்கு இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். தனித்தனியாகக் கொடுப்பதைவிடக் கமக்காரர் அமைப்பின் பெயரில் ஓர் உடன்பாடு எழுதி, தரவின் பிரதி ஒன்று அமைப்பிடமும் இருக்கும்படி செய்வது மேல். எழுதித் தர மறுத்தால் எல்லையை மட்டும் வைத்துக்கொண்டு போகட்டும் என்று விடாமல், அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் விவசாயம் படிக்கும் மாணவி. எங்கள் வீட்டு மூன்று ஏக்கருக்கு நானே ஓர் இரட்டை செய்து பார்க்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?
– விசுவமடு

பதில்: மகளே, அக்வாகுரொப் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். தொடக்கத்துக்கு அதையே எடுங்கள். எண்களைக் கையால் கொடுப்பதால் இது மேலே சொன்ன மூன்று படிகளில் முதற்படிதான், ஆனால் தொடங்க அது போதும். நெல்லில் இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் ஏப்சிம். இலங்கை ஆய்வாளர்கள் பி.ஜி. 300, பி.ஜி. 359 போன்ற நம் நாட்டு இரகங்களுக்கு அதை ஏற்கெனவே பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஏ.ரி. 362 என்றால், பூக்கும் நாளையும் முதிரும் நாளையும் நீங்களே அவதானித்து எண்களைத் திருத்த வேண்டியிருக்கும்.

மென்பொருளுக்கு முந்தி ஒரு மழைமானி வேண்டும். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள தகரப்பேணியும் ஓர் அடிமட்டமும் போதும். மரத்துக்கும் கூரைக்கும் விலக்கி, தினமும் காலை 8.30க்கு அளந்து ஊற்றிவிடுங்கள்; திணைக்களத்து நிலையங்களும் அந்த நேரத்திலேயே வாசிக்கின்றன என்பதால் பிறகு ஒப்பிட வசதி. மூன்று ஏக்கரையும் ஒரே வயலாக எடுக்காமல், மேட்டுத் துண்டையும் பள்ளத்துத் துண்டையும் பிரித்துக் கணக்கிடுங்கள். நம் பக்கத்தில் ஒரே காணியில் மேலே சிவந்த மண்ணும் கீழே நீர் தங்கும் மண்ணுமாக இருப்பது வழமை. விதைத்த திகதி, மடை திறந்த நாளும் மூடிய நாளும், பசளையின் அளவு, முதற் பூ கண்ட நாள், துண்டுக்கு எத்தனை மூடை, மூடையின் நிறை என்ன, ஈரமாக நிறுத்ததா காயவிட்டு நிறுத்ததா என்பதெல்லாம் கொப்பியில் இருக்கட்டும். இந்தக் கடைசி ஒன்றை எழுதாமல் விட்டதால் ஒரு போகத்துக் கணக்கு முழுவதையும் நான் ஒருமுறை தூக்கிப் போட்டிருக்கிறேன்.

முதற் போகத்தில் விடை வயலோடு பொருந்தாது. மேட்டுத் துண்டில் கணக்கு எப்போதும் ஈரமாகவே காட்டினால், நிலத்துக்குள் இறங்கும் நீரைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள். பூப்பு ஒரு வாரம் பிந்திக் காட்டினால், பிழை இரகத்தின் வெப்பக் கணக்கில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு எண்களை மாற்றாதீர்கள். சிறுபோகம் முடிந்ததும் இரண்டு துண்டுகளின் கணக்கையும் கொப்பியின் பிரதியையும் எனக்கு அனுப்பினால், அடுத்து எதை மாற்றலாம் என்று இப்பகுதியிலேயே பார்க்கலாம்.